ஃபுகுவோகாவில் நல்ல சுஷி எங்கே சாப்பிடலாம்? மகளைப் பார்க்கப் போகிறோம், வழி சொல்லுங்கள்

தறிக்காரர், குடியாத்தம்:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் காட்பாடியில் பொறியியல் படித்து முடித்து, இப்போது ஜப்பானின் ஃபுகுவோகாவில் கியூஷூ பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறாள். ஐப்பசி கடைசியில் நானும் என் மனைவியும் பத்து நாள் அவளோடு இருந்துவிட்டு வரப் போகிறோம்.

எனக்கு 61 வயது. கைலி நெசவும் வியாபாரமும்தான் தொழில். கடல் எங்களுக்குத் தூரம். சிறுவயதில் மீன் என்றால் ஏரி வற்றும்போது பிடிக்கும் கெண்டையும் விராலும்தான். கடல் மீன் ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பெட்டியில் வந்தால் உண்டு. மகள் ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில், "அப்பா, நீங்கள் வந்ததும் சுஷி சாப்பிடப் போகலாம்" என்கிறாள். சோற்றின் மேல் பெரும்பாலும் பச்சை மீன் வைத்துத் தரும் ஜப்பானிய உணவு அது. அவள் உதவித்தொகையில் படிக்கிறவள். தட்டு சுற்றி வரும் மலிவான கடையைத் தாண்டி அவள் போனதில்லை. ஒரு நல்ல இடத்தில் அவளை உட்காரவைத்து நான் சாப்பிட வைக்க வேண்டும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

மூன்று செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. மனைவி மீன் சாப்பிடுவாள், ஆனால் வேகாத மீனைத் தொடமாட்டாள். மொழிக்கு மகள் இருக்கிறாள். அந்த நகரத்தில் வாழ்ந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

காட்பாடி சந்திப்பு:

ஐயா, ஃபுகுவோகாவின் முக்கிய நிலையமான ஹகாதா ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே நான்கு ஆண்டுகள் குடியிருந்தேன். உங்கள் பதிவைப் படித்ததும் உடனே எழுதத் தோன்றியது.

முதலில் ஒன்று. சுஷிக்கு ஜப்பானில் டோக்கியோதான் என்று பலரும் சொல்வார்கள். ஃபுகுவோகாவில் வாழ்ந்தவர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நகரத்துக்கு வடக்கே கென்கை கடல். சூடான நீரோட்டம் ஒன்று அந்த வழியாகப் போகிறது. காலையில் பிடித்த மீன் பகலில் தட்டுக்கு வந்துவிடும். அங்கே சூரை மீனை முன்னால் வைத்துப் பெருமை பேச மாட்டார்கள். காணாங்கெளுத்தி, கணவாய், ஜப்பானியர்கள் 'தாய்' என்று அழைக்கும் செந்நிறக் கடல் மீன், அஜி என்ற சிறிய பாறை வகை, சவாரா இவைதான் அந்த ஊரின் மீன்கள். சவாரா நம் வஞ்சிரத்துக்கு நெருங்கிய உறவு, ஒரே பேரினம். அதன் தோலை மட்டும் நெருப்பில் லேசாக வாட்டித் தருவார்கள். வஞ்சிரம் வறுத்துச் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு அது அந்நியமாகவே இருக்காது.

இனி இடங்கள். டென்ஜின் கடைத்தெருப் பகுதியில் ஹியோதான் சுஷி என்று ஒரு பழைய கடை இருக்கிறது. பகல் நேரத்தில் மேசையருகே வரிசை நிற்கும். அதே கடைக்காரர்களின் சுற்றும் தட்டுக் கடையும் அங்கேயே ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. விலை நடுத்தரம், மீன் உயர்தரம். நான் வாரச் சம்பளம் எண்ணிச் செலவு செய்த காலத்திலும் மாதம் ஒரு முறை அங்கே போவேன்.

இரண்டாவது, நாகஹாமா மீன் சந்தை. நகரத்தின் மொத்த விற்பனைச் சந்தை அதுதான். சந்தைக் கட்டடத்தின் தரைத்தளத்திலேயே சாப்பாட்டுக் கடைகள் உள்ளன. ஏலம் முடித்த வியாபாரிகள் ரப்பர் செருப்போடு உட்கார்ந்து சாப்பிடும் இடம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலையில் சந்தையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். சில மாதங்களில் இருக்காது, மகளை முன்கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் போகும் நாட்களில் அமைந்தால் தவறவிடாதீர்கள்.

மூன்றாவது, யனகிபாஷி சந்தை. நாகா ஆற்றங்கரையில் குறுகலான சந்து, இரண்டு பக்கமும் மீன் கடை, ஊறுகாய்க் கடை, கருவாட்டுக் கடை. வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் நடந்து பழகியவருக்கு அங்கே உடனே மனம் ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும்.

பெரிய பெயர் வாங்கிய கடைகளில் இரவுச் சாப்பாடு ஒருவருக்கு 15,000 யென்னுக்கு மேல் போகும். அதே கடைகளில் சில, நான் இருந்த காலத்தில் பகலில் எட்டுப் பத்துத் துண்டுகளை 2,000 முதல் 4,000 யென்னுக்குள் தந்தன. என் வேண்டுகோள் இது: இரவுக்குப் போகாதீர்கள். பகலில் போங்கள். அதே கை, அதே கத்தி, அதே சோறு.

ஊசூர் மாமா:

தறிக்காரரே, உங்கள் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறேன். அறுபது தாண்டிய உடம்பு, சர்க்கரை வேறு. பச்சை மீனைச் சாப்பிட்டு வெளிநாட்டில் படுத்துவிட்டால் அந்தக் குழந்தை படிப்பைப் பார்க்குமா, உங்களைப் பார்க்குமா? மகளோடு உட்காருங்கள், அவள் சாப்பிடட்டும், நீங்கள் வெந்ததைச் சாப்பிடுங்கள். எங்கள் வீட்டில் மீன் வாங்கினால் மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று முறை அலசாமல் சட்டியில் போடமாட்டார்கள். அந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஆய்வக மேசை, வேலூர்:

ஊசூர் மாமாவின் அக்கறை நியாயமானது. மருத்துவ ஆய்வகத்தில் ஒட்டுண்ணிகளைப் பார்ப்பதே என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கடல் மீனில் பயப்பட வேண்டிய புழு அனிசாகிஸ். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் வெள்ளை நூல் போல இருக்கும். மீன் செத்ததும் குடலில் இருந்து சதைக்குள் நகரும். உயிரோடு விழுங்கினால் சில மணி நேரத்தில் வயிற்றில் தாங்க முடியாத வலி வரும். உள்நோக்குக் கருவியால் எடுத்துவிட்டால் வலி நின்றுவிடும். வினிகரும், வசாபி என்ற காரமான பச்சை விழுதும், சோயா சாஸும் அதைக் கொல்லாது. இதைப் பலர் தவறாக நம்புகிறார்கள். வெப்பமும் குளிரும்தான் கொல்லும். ஜப்பானிய சுகாதாரத் துறை, கழித்தல் 20 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் உறைய வைக்கச் சொல்கிறது. அமெரிக்க விதி இன்னும் கடுமை: அதே குளிரில் 7 நாள், அல்லது கழித்தல் 35 பாகையில் கட்டியாக உறைய வைத்து 15 மணி நேரம். அதனால் "உறைந்த மீன், ஆகவே மட்டம்" என்று எண்ண வேண்டாம். சூரை பெரும்பாலும் ஆழ்குளிரில் உறைந்துதான் வருகிறது.

ஃபுகுவோகாவில் காணாங்கெளுத்தியைப் பச்சையாக எள்ளும் சோயாவும் சேர்த்துச் சாப்பிடுவார்கள், கோமா சபா என்று பெயர். டோக்கியோவில் அப்படிச் செய்யத் தயங்குவார்கள், உப்பும் வினிகரும் போட்டே தருவார்கள். காரணம் இருக்கிறது. பசிபிக் பக்கத்துக் காணாங்கெளுத்தியில் அதிகம் காணப்படும் புழு இனம் சதைக்குள் எளிதாக நுழைகிறது. ஃபுகுவோகா பக்கமும் ஜப்பான் கடல் பக்கமும் உள்ள இனம் பெரும்பாலும் குடலோடு நின்றுவிடுகிறது. ஆபத்து குறைவுதானே தவிர, அடியோடு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐயா, அந்த ஒன்றை மட்டும் நீங்கள் விட்டுவிடலாம். மற்றவை, கூட்டம் வரும் நல்ல கடையில், தயங்காமல் சாப்பிடலாம். சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாகச் சொல்கிறீர்கள். ஆனாலும் புறப்படும் முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு இன்னொரு சொல். நம் ஏரி விராலையோ கெண்டையையோ வீட்டில் பச்சையாகச் சாப்பிட்டுப் பார்க்க நினைக்காதீர்கள். விரால் இனத்தைப் பச்சையாகச் சாப்பிடுவதால் தோலுக்கடியில் ஊர்ந்து, கண்ணுக்கும் மூளைக்கும்கூடப் போகும் புழுநோய் தாய்லாந்து பக்கம் நன்கு அறியப்பட்டது. நன்னீர் மீன் வேறு, கடல் மீன் வேறு.

ஆம்பூர் தோல்:

காட்பாடி தம்பியின் பதிவு நன்று. ஆனால் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். தோல் வியாபாரமாக ஒசாகாவுக்கும் கோபேவுக்கும் பலமுறை போய் வந்தவன் நான். வாழ்நாளில் ஒரு முறை போகிறார் அந்த மனிதர். அதுவும் மகளை உட்காரவைத்துச் சாப்பிட வைக்கப் போகிறார். பகலில் போ, செலவைக் குறை என்று ஏன் சொல்ல வேண்டும்? ஓர் இரவு, ஓமகாசே என்று சொல்லிச் சமையல்காரரின் கையில் விட்டுவிடுங்கள். அவர் ஒரு துண்டு வைப்பார், நீங்கள் சாப்பிடுவீர்கள், உங்கள் முகத்தைப் பார்ப்பார், அடுத்ததை முடிவு செய்வார். அதைத் தட்டில் மொத்தமாக வாங்கிச் சாப்பிடும்போது பெற முடியாது.

இன்னொன்று, சுற்றும் தட்டுக் கடையைத் தாழ்வாகப் பேச வேண்டாம். அதுவும் ஒரு பெரிய யோசனையின் விளைவு. ஒசாகாவில் 1958ஆம் ஆண்டு ஷிராய்ஷி என்பவர், பீர் ஆலையில் பாட்டில்கள் பட்டையில் நகர்வதைப் பார்த்து, அதைப் போலத் தட்டுகளை நகர வைத்தார். தொழிலாளியும் குழந்தைகளோடு வந்து சுஷி சாப்பிட முடிந்தது அதற்குப் பிறகுதான். அந்த மகள் தன் உதவித்தொகையில் சாப்பிட்ட சுஷியும் சுஷிதான்.

காட்பாடி சந்திப்பு:

ஆம்பூர் அண்ணா, கடைசி வரியை முழுமையாக ஏற்கிறேன். ஓமகாசே பற்றி மட்டும் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அதில் பதினைந்து இருபது துண்டுகள் வரும், இடையில் வேகாதது எதையும் மறுக்கக் கூச்சமாக இருக்கும். அம்மா வேகாத மீன் தொடமாட்டார். அவர் எதிரே ஒவ்வொரு துண்டும் வந்து திரும்பிப் போனால் மூன்று பேருக்கும் மனம் கனத்துவிடும். பகலில் மேசையருகே உட்கார்ந்து, அம்மாவுக்கு வேண்டியதைத் தனியே சொல்லி வாங்கினால் மூவரும் சேர்ந்து சாப்பிடலாம். செலவை விட அதுதான் என் எண்ணத்தில் இருந்தது.

ஆம்பூர் தோல்:

அம்மாவை நான் மறந்துவிட்டேன். நீங்கள் சொல்வதே சரி, தம்பி.

சத்துவாச்சாரி சமையலறை:

எல்லோரும் மீனைப் பற்றியே பேசுகிறீர்கள். சோற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே. சுஷி என்பது மீனின் பெயர் அல்ல. புளிப்பேற்றிய சோற்றைச் சேர்ந்த பெயர். மீன் இல்லாத சுஷி உண்டு, சோறு இல்லாத சுஷி கிடையாது.

அண்ணா, நீங்கள் கடலுக்குத் தூரமான ஊர்க்காரர் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. சுஷியின் தொடக்கமே கடலோரம் இல்லை. நெல் வயலும் ஏரியும் ஆறும் உள்ள நாட்டவர்கள், மழைக்காலத்தில் கிடைத்த மீனைக் கெடாமல் வைக்க, உப்பிட்டுச் சோற்றில் புதைத்து வைத்தார்கள். சோறு புளித்து மீனைக் காத்தது. தென்கிழக்கு ஆசியாவில் இருந்து அந்த வழக்கம் பரவியதாக ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். ஜப்பானின் மிகப்பெரிய ஏரியான பிவா ஏரியைச் சுற்றி இன்றும் ஃபுனாசுஷி செய்கிறார்கள். அந்த ஏரியின் கெண்டை இன மீனை உப்பிட்டு, பிறகு சோற்றோடு மாதக்கணக்கில் ஊற வைப்பது. மோர் புளித்த வாசனையும் பழைய பாலாடை வாசனையும் கலந்திருக்கும். பழைய சோற்றை விடியற்காலையில் பிழிந்து சாப்பிட்ட நமக்கு அந்தப் புளிப்பு புரியும்.

வினிகர் ஊற்றி உடனே பிசைந்து, மேலே மீன் வைத்துக் கையால் பிடிக்கும் நிகிரி பின்னால் வந்தது. டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில், 1820களில், தெருவோரக் கடைகளில் பரவியது. ஹனாயா யோஹே என்பவர் பெயரை அதோடு சேர்த்துச் சொல்வார்கள். ஐஸ் இல்லாத காலம். அதனால் சூரையைச் சோயாவில் ஊறவைத்தார்கள், காணாங்கெளுத்தியை உப்பிலும் வினிகரிலும் போட்டார்கள், விலாங்கை வேகவைத்தார்கள். இன்று எல்லோரும் கேட்கும் சால்மன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. 1980களில் நார்வேக்காரர்கள் தங்கள் வளர்ப்புச் சால்மனை விற்க முயன்ற பிறகே அது ஜப்பானில் பச்சையாகச் சாப்பிடப்பட்டது.

நல்ல கடையா என்று பார்க்க நான் சொல்லும் வழி ஒன்றே. சோறு உங்கள் உள்ளங்கைச் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்து கெட்டியாக இருந்தால் மீன் எவ்வளவு உயர்ந்ததானாலும் அந்தக் கடை வேண்டாம். பருக்கை ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும், வாயில் வைத்ததும் தனித்தனியாக உதிர வேண்டும். குழைந்து மாவாகிவிட்டால் தவறு. நாம் சோறு சாப்பிட்டே வளர்ந்தவர்கள். மீனை மதிப்பிட நமக்கு வராது என்று வைத்துக்கொண்டாலும் சோற்றை மதிப்பிட வரும்.

கலவை, ராணிப்பேட்டை:

சமையலறை அக்கா, வீட்டில் செய்து பார்த்தீர்களா? நம் அரிசியில் வருமா?

சத்துவாச்சாரி சமையலறை:

இட்லி அரிசியில் செய்தேன், புழுங்கல் என்பதால் ஒட்டவில்லை. சீரகச் சம்பாவில் செய்தேன், பிரியாணி வாசனை வந்தது, பருக்கை உதிர்ந்தது. நம் நெல் வகைகள் பலவற்றில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து அதிகம், அதனால் சோறு உதிரியாக நிற்கிறது. ஜப்பானிய குட்டை அரிசியில் அது குறைவு. கடைசியில் சென்னையில் ஜப்பானிய மளிகை விற்கும் கடையில் அரிசி வாங்கினேன். ஒரகடத்திலும் ஸ்ரீசிட்டியிலும் ஜப்பானியத் தொழிற்சாலைகள் வந்த பிறகு சென்னையில் அந்தப் பொருட்கள் கிடைக்கின்றன.

இரண்டு குவளை அரிசிக்கு நான்கு மேசைக்கரண்டி அரிசி வினிகர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு. சோறு கொதிக்கும் சூட்டில் இருக்கும்போதே ஊற்றி, மரத்தட்டில் பரப்பி, வெட்டுவது போலக் கலந்து, விசிறியால் வீச வேண்டும். மேலே நான் வைப்பது முட்டை, வெள்ளரிக்காய், வேகவைத்த இறால். பச்சை மீன் வைப்பதில்லை. காசிமேட்டில் இருந்து வண்டியில் 140 கிலோமீட்டர் வந்த மீனை நான் குழம்புக்கு நம்புவேன், அதற்கு மேல் நம்பமாட்டேன்.

ஆய்வக மேசை, வேலூர்:

அக்கா செய்வதே சரி. காணாங்கெளுத்தியும் சூரையும் வழியில் ஐஸ் குறைந்து சூடேறினால் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலைவலி வரும். அதைச் சமைத்தாலும் போகாது. புழுவை விட நம் பக்கத்தில் இதற்குத்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

தறிக்காரர், குடியாத்தம்:

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அக்கா எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "கெண்டையில் தொடங்கியதா?" என்று கேட்டுவிட்டு, "அப்படியானால் சோறு மட்டுமாவது சாப்பிடுகிறேன்" என்றாள்.

இரண்டு கேள்விகள். அவள் சாப்பிடக்கூடியவை எவை? சோற்றில் சர்க்கரை சேர்ப்பார்கள் என்றால் நான் எவ்வளவு சாப்பிடலாம்?

காட்பாடி சந்திப்பு:

அம்மாவுக்கு: அனாகோ என்ற கடல் விலாங்கு, மெல்ல வேகவைத்து இனிப்பான குழம்பு தடவியது. தமாகோ என்ற முட்டை. எபி என்றால் வேகவைத்த இறால், ஆனால் நமா எபி என்றால் பச்சை, அந்த முன்னொட்டைக் கவனியுங்கள். கப்பா மாகி, வெள்ளரிக்காய் சுருள். இனாரி, வறுத்த சோயாக் கட்டிப் பைக்குள் சோறு. அம்மா சனிக்கிழமை சைவம் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். இனாரியின் பையைப் பெரும்பாலும் மீன் சாறு சேர்த்த தண்ணீரில்தான் வேகவைப்பார்கள். அன்று வெள்ளரிச் சுருள் போதும்.

உங்களுக்கு: ஒரு துண்டில் ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் சோறு. பத்துத் துண்டு என்றால் ஒரு நடுத்தரக் கிண்ணம் சோறு. "ஷாரி ஸ்குநாமே" என்று சொன்னால் சோற்றைக் குறைத்துப் பிடித்துத் தருவார்கள். அங்கே அது வழக்கமான வேண்டுகோள்தான், கூச்சம் வேண்டாம். வசாபி வேண்டாம் என்றால் "சபி நுகி".

கையால் சாப்பிடலாம். நிகிரியைக் கையால் சாப்பிடுவது அங்கே மரபு, யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். சோயாவில் சோற்றுப் பக்கத்தை நனைக்காதீர்கள், மீன் பக்கத்தை மட்டும் தொட்டு எடுங்கள். கியூஷூ சோயா கொஞ்சம் இனிப்பாக இருக்கும், முதல் நாள் வியப்பாக இருக்கும். இஞ்சி ஊறுகாயைச் சுஷியின் மேல் வைக்க வேண்டாம், ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் இடையே வாயைத் துடைக்க அது. வாசனைத் திரவியமும் மல்லிகைப் பூவும் அந்த ஒரு வேளை மட்டும் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவரின் மீன் வாசனையை அது மறைத்துவிடும். வைத்த துண்டை வைத்த உடனே சாப்பிடுங்கள். படம் எடுத்துக்கொண்டிருந்தால் சோற்றின் சூடு போய்விடும்.

ஒரு நாள் கிடைத்தால் ஷிமோனோசெகி போய் வாருங்கள். கொகுராவைத் தாண்டி மோஜிகோ நிலையம், அங்கிருந்து படகில் ஐந்து நிமிடம். அக்கரையில் கராதோ சந்தை. வெள்ளி, சனி, ஞாயிறு காலையில் மீன் வியாபாரிகளே சுஷி பிடித்து அடுக்கி வைப்பார்கள், துண்டு துண்டாக வாங்கிக் கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம். பேத்தை மீனுக்கு ஜப்பானிலேயே பெயர் பெற்ற ஊர் அது. நச்சு மீன் என்பதால் உரிமம் பெற்றவர் அறுத்தது மட்டும்தான் விற்பனைக்கு வரும்.

ஐயா நெசவாளர் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஹகாதா ஓரி என்ற பட்டு நெசவு அந்த நகரத்தின் பழைய தொழில். இடுப்புப் பட்டைக்கான துணி, பாவு நூல் மிக நெருக்கமாக இருக்கும். தறியைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

ஊசூர் மாமா:

நல்லபடியாகப் போய் வாருங்கள். அரைத்த சுக்குப் பொடி ஒரு பொட்டலம் பையில் இருக்கட்டும்.

தறிக்காரர், குடியாத்தம்:

ஊர் வந்து சேர்ந்து நான்கு நாட்கள் ஆகின்றன. நடந்ததை எழுதுகிறேன்.

முதல் நாள் மகள் தன் வழக்கமான சுற்றும் தட்டுக் கடைக்குத்தான் கூட்டிப்போனாள். அவள் எங்கே சாப்பிடுகிறாள் என்று பார்க்க வேண்டும் என்று நானே கேட்டேன். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் நிறைந்த கடை. திரையில் தொட்டுச் சொன்னால் தட்டு ஓடி வருகிறது. சோறு குளிர்ந்துதான் இருந்தது. ஆனால் அவள் எனக்கு ஒவ்வொன்றாக எடுத்து வைத்த வேகத்தைப் பார்த்தபோது, ஆம்பூர்க்காரர் எழுதியது நினைவுக்கு வந்தது. நிறைவாகச் சாப்பிட்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை நாகஹாமா சந்தை திறந்திருந்தது. விடிந்து கொஞ்ச நேரத்திலேயே ரயில் ஏறிப் போனோம். மீனை இவ்வளவு சுத்தமாக, வாசனையே இல்லாமல் நான் பார்த்ததில்லை. ஒருவர் ஆளுயரச் சூரையை மக்கள் முன்னால் அறுத்தார். என் மனைவி கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரிவாள்மணையில் நாற்பது ஆண்டு மீன் அறுத்தவள். "ஒரு முறைகூட அறுத்த இடத்தில் திரும்ப அறுக்கவில்லை" என்றாள். அன்று அவளுக்குச் சனிக்கிழமை. வெள்ளரிச் சுருள் மட்டும் சாப்பிட்டாள்.

ஒரு பெரிய கடையில் முன்பதிவு இல்லை என்று எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகள் முகம் வாடிவிட்டது. செவ்வாய்க்கிழமை பகலில் வேறொரு சிறிய கடை. எட்டே நாற்காலிகள். அவள் இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் பேசி, அம்மாவுக்கு வேகாதது வேண்டாம், அப்பாவுக்குச் சோறு குறைவாக என்று சொல்லி வைத்திருந்தாள். உட்கார்ந்ததும் அந்தப் பெரியவர் என் மனைவியைப் பார்த்து ஏதோ கேட்டார். "பசியோடு வந்தீர்களா என்று கேட்கிறார்" என்று மகள் சொன்னாள்.

முதலில் தாய் மீன். பிறகு கணவாய், மேலே மயிரிழை போலக் கீறல்கள் போட்டு, சோயாவுக்குப் பதில் உப்பும் எலுமிச்சையும் தடவியது. அஜி. தோல் வாட்டிய சவாரா. சூரை. காணாங்கெளுத்தி உப்பிலும் வினிகரிலும் ஊறியது. நான் ஆய்வக நண்பர் சொன்னதை மகளிடம் சொன்னேன், அவள் கேட்டாள், அது உறையவைத்து எடுத்தது என்று அவர் சொன்ன பிறகு சாப்பிட்டேன். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அதுதான்.

சத்துவாச்சாரி அம்மா சொன்னது போலச் சோற்றைத்தான் முதலில் கவனித்தேன். உள்ளங்கைச் சூடு. எனக்கு உடனே என் அம்மா நினைவு. எங்கள் வீட்டில் ஏழு பிள்ளைகள். இரவில் ஒரே சட்டியில் குழம்பு ஊற்றிப் பிசைந்து, எங்களை வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவர் கையிலும் ஓர் உருண்டை வைப்பாள். நடுவில் கட்டைவிரலால் குழி செய்து ஒரு துண்டு மீனை வைத்து அழுத்துவாள். அந்தப் பெரியவர் சோற்றை எடுத்துப் பிடித்து என் முன்னால் வைத்ததும் அதே சூடு. மகளிடம் சொன்னேன். அவள் அவரிடம் சொன்னாள். அவர் சிறிது நேரம் பேசவில்லை. அடுத்த துண்டைத் தட்டில் வைக்காமல் நேராக என் கையில் வைத்தார்.

என் மனைவி அனாகோ இரண்டு முறை கேட்டு வாங்கினாள். முட்டையைப் பாதி சாப்பிட்டுவிட்டு, இது எப்படி அடுக்கடுக்காக வந்தது என்று கேட்கச் சொன்னாள். அவர் செவ்வக வாணலியைக் கொண்டுவந்து காட்டினார்.

மகள் அதுவரை அப்படி ஒரு மேசையில் உட்கார்ந்ததில்லை. தன் பங்கைச் சாப்பிடாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சூடு போய்விடும், சாப்பிடு" என்றேன். மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் யென். என் பணத்தில் கொடுத்தேன்.

கராதோவுக்கு நேரம் கிடைக்கவில்லை. தறி பார்த்தேன், அதைத் தனியாக எழுதுகிறேன், நிறைய இருக்கிறது.

காட்பாடி சந்திப்பு:

ஐயா, அந்தக் கடை இருக்கும் தெருவை மட்டும் மகளிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? நான்கு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தும் எனக்கு அப்படி ஒருவர் அமையவில்லை.

தறிக்காரர், குடியாத்தம்:

யனகிபாஷி சந்தையில் இருந்து ஆற்றைத் தாண்டி நடக்கும் தூரம்தான், தம்பி. மகள் வரைபடத்தில் குறித்து அனுப்புவாள். அவள் பொங்கலுக்கு வருகிறாள். சத்துவாச்சாரி அம்மாவிடம் அந்த அரிசி கொஞ்சம் மீதி இருக்குமா? மனைவி அந்தச் சோற்றை வீட்டில் செய்ய வேண்டும் என்கிறாள்.

சத்துவாச்சாரி சமையலறை:

இரண்டு கிலோ இருக்கிறது, அண்ணா. வினிகரும் மரத்தட்டும் நானே கொண்டுவருகிறேன். அண்ணியை முட்டைக்குச் செவ்வக வாணலி தேட வேண்டாம் என்று சொல்லுங்கள், தோசைக்கல்லில் மடித்து மடித்து எடுக்கலாம், காட்டித் தருகிறேன்.

ஆய்வக மேசை, வேலூர்:

மேலே வைப்பது வெந்த இறாலாகவே இருக்கட்டும்.